ஹனிஃபாருவில் திருக்கை பார்க்கத் தை மாதம் போகாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த மாலத்தீவுப் பயணக் கட்டுரையைப் படித்தோம். தங்குமிடம், உணவு, படகுக் கட்டணம் பற்றியெல்லாம் பயனுள்ள செய்திகள் அதில் இருந்தன. ஆனால் பா அட்டோல் என்ற வளைய வடிவப் பவளத்தீவுக் கூட்டத்தில் உள்ள ஹனிஃபாரு குடாவில் "ஆண்டு முழுவதும்" மாண்டா திருக்கைகளைப் பார்க்கலாம் என்ற வரி தவறு. நம்மூரிலிருந்து பலர் அரையாண்டு விடுமுறையிலோ, தை மாசியில் கல்யாணம் முடிந்த கையோடோ மாலத்தீவு போகிறார்கள். அந்த மாதங்களில் ஹனிஃபாருவில் கண்ணாடி போலத் தெளிந்த நீர் இருக்கும், மாண்டா அநேகமாக இருக்காது. பெரும் செலவு செய்து போகிற விஷயம் என்பதால், எப்போது போவது, எங்கே தங்குவது, தண்ணீருக்குள் எப்படி நடந்துகொள்வது என்பதைச் சற்று விரிவாக எழுதுகிறோம். இடம் கருதிச் சுருக்கினாலும் மாதக் கணக்கை மட்டும் விட்டுவிட வேண்டாம்.

தலைநகர் மாலேயிலிருந்து வடமேற்கே நூறு கிலோமீட்டருக்குச் சற்றுத் தள்ளி இருப்பது பா அட்டோல். அதன் கிழக்கு விளிம்பில் பவளப்பார் சூழ்ந்த ஒரு சின்னக் குடாதான் ஹனிஃபாரு. 2009இல் மாலத்தீவு அரசு இதைப் பாதுகாக்கப்பட்ட கடல் பகுதியாக அறிவித்தது. 2011இல் பா அட்டோல் முழுவதும் யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பகமானபோது ஹனிஃபாரு அதன் மையப் பகுதிகளில் ஒன்றாயிற்று. மாண்டாக்கள் உண்பதற்காகக் கூடும் இடங்களில் இந்த அளவுக்குப் பெருங்கூட்டம் சேர்வது உலகில் மிகச் சில இடங்களில்தான். நல்ல நாளில் ஐம்பது, சில சமயம் நூறுக்கு மேலும் ஒரே குடாவுக்குள் சுற்றும்.

அவை வருவது இரைக்காக மட்டுமே. அந்த இரை, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் நீரில் மிதக்கும் நுண்ணுயிர்கள் (பிளாங்டன்). தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் கடல் நீரோட்டம் மேற்கிலிருந்து கிழக்காக மாலத்தீவுத் தொடரைக் கடந்து போகிறது. தீவுத் தொடரில் முட்டிக் கடந்த நீர், மறுபக்கமான கிழக்கில், ஆழத்து நீரை மேலே இழுக்கிறது. ஆழத்து நீரில் சத்து அதிகம். அது வெளிச்சத்துக்கு வந்ததும் தாவர நுண்ணுயிர் பெருகும், அதைத் தின்னும் விலங்கு நுண்ணுயிர் பின்னால் பெருகும். இது கிழக்கு விளிம்புகளுக்கு வெளியே தேங்கி நிற்கும்.

வெளியே நிற்கும் இரையைக் குடாவுக்குள் கொண்டு வருவது கடலின் ஏற்றம். அமாவாசை, பௌர்ணமி நாட்களை ஒட்டி ஏற்றமும் வற்றமும் வலுக்கும்போது, பருவ நீரோட்டத்தை எதிர்த்து வெளிநீர் அட்டோலுக்குள் தள்ளப்படுகிறது. ஹனிஃபாருவின் வாய் அந்த ஓட்டத்தின் பாதையில் இருக்கிறது. உள்ளே நுழைந்த நீர் பாரின் மேல் வழிந்து வெளியேற முடியும். ஆனால் மேலே தூக்கிச் செல்லும் ஓட்டத்தை எதிர்த்து நுண்ணுயிர்கள் கீழ்நோக்கி நீந்துவதால் அவை குடாவுக்குள்ளேயே தங்கிவிடுகின்றன. நீர் போய்க்கொண்டே இருக்க, இரை மட்டும் அடர்ந்துகொண்டே போகிறது. ஏற்றம் உச்சத்தை நெருங்கும் சில மணி நேரம் இது நடக்கும். வற்றம் தொடங்கியதும் கலைந்துவிடும்.

ஆகவே இங்கே பார்க்க வேண்டியவை பருவம், நிலவு, அன்றைய ஏற்ற நேரம் ஆகிய மூன்று. இவற்றில் ஒன்று தவறினாலும் குடா வெறுமையாக இருக்கும். மே மாத இறுதியில் ஒன்றிரண்டாக வரத் தொடங்கி நவம்பர் வரை வருகை நீள்கிறது. ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரைதான் உச்சம், அதாவது ஆடி பிற்பாதி முதல் ஐப்பசி பாதி வரை. நம் பள்ளிகளின் காலாண்டு விடுமுறை செப்டம்பர் கடைசியில் வருவது இதற்கு நன்றாகப் பொருந்துகிறது. கோடை விடுமுறை பொருந்தாது. ஏப்ரலில் பருவக்காற்றே தொடங்கியிருக்காது.

வீட்டில் தொங்கும் நாள்காட்டியை எடுத்து, அந்த மூன்று மாதங்களில் அமாவாசை, பௌர்ணமி எந்தத் தேதிகளில் வருகின்றன என்று பாருங்கள். திதிக்கு ஒரு நாள் முன்னால் போய்ச் சேர்ந்து, திதி கழிந்து மூன்று நாளாவது இருப்பது போலப் பயணத்தை அமையுங்கள். ஏற்றம் மிக வலுவாக இருப்பது பெரும்பாலும் திதி அன்றைக்கு அல்ல, அதற்கு ஓரிரு நாள் பின்னால். குறைந்தது ஐந்து இரவு வேண்டும் என்பது எங்கள் கருத்து. இது மழைக்காலம். காற்று பலமானால் படகு புறப்படாது, ஒரு நாள் முழுக்க அறையில் உட்கார நேரலாம். இரண்டு இரவுத் திட்டத்தில் அப்படி ஒரு நாள் போனால் மிச்சம் ஒன்றும் இல்லை. காற்றே வலுவாக வீசாத ஆண்டுகளில் இரை குறைந்து மாண்டாக்களின் வருகையும் குறைவதுண்டு. அதனால் "கட்டாயம் பார்க்கலாம்" என்று உத்தரவாதம் தருகிற முகவரிடம் பணம் கட்ட வேண்டாம். நேர்மையான வழிகாட்டி யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்.

தங்குமிடத்திலும் பலர் தவறுகிறார்கள். மாலேக்குப் பக்கத்தில் மாஃபுஷி போன்ற தீவில் அறை எடுத்துவிட்டு அங்கிருந்து "மாண்டா பயணம்" போனால், அது ஹனிஃபாரு அல்ல. மாலேயிலிருந்து பா அட்டோலுக்கு விரைவுப் படகில் போகவே இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும், ஒரே நாளில் போய்வருவது நடைமுறைக்கு ஒத்துவராது. ஹனிஃபாருவுக்கு மிக அருகில் மக்கள் வாழும் தீவு தாரவந்தூ. அங்கே உள்நாட்டு விமான நிலையம் உண்டு, மாலேயிலிருந்து அரை மணிக்குள் பறந்துவிடலாம். தீவுக்காரர்கள் நடத்தும் விருந்தினர் இல்லங்கள் இருக்கின்றன. அங்கிருந்து குடாவுக்குப் படகில் பத்து நிமிடத்துக்குள் போகலாம். இந்த நெருக்கம் முக்கியம். வழிகாட்டிகள் காலையிலிருந்தே ஏற்றத்தைக் கவனித்து, "இப்போது உள்ளே வந்திருக்கின்றன" என்ற தகவல் கிடைத்ததும் கிளம்புவார்கள். தொலைவில் தங்கியிருப்பவர் வந்து சேர்வதற்குள் வற்றம் தொடங்கியிருக்கும். முன்பதிவு செய்யும்போதே ஏற்ற அட்டவணை பார்த்துப் படகு விடுகிறார்களா, தினமும் ஒரே நேரத்துக்கு விடுகிறார்களா என்று கேளுங்கள். தினமும் காலை ஒன்பது மணிக்குப் படகு என்று பதில் வந்தால் வேறு இல்லத்தைப் பாருங்கள்.

குடாவுக்குள் ஸ்கூபா (காற்று உருளை மாட்டி ஆழத்தில் நீந்துவது) கிடையாது, ஸ்நோர்க்லிங் (முகக்கண்ணாடியும் மூச்சுக்குழாயும் மாட்டி மேற்பரப்பில் மிதப்பது) மட்டும்தான். 2012 முதல் இதுவே விதி. உருளை மாட்டிக்கொண்டு கீழே போகலாம் என்று யாராவது ஆசை காட்டினால் அவர் ஹனிஃபாருவைப் பற்றிப் பேசவில்லை, அல்லது பொய் சொல்கிறார். ஸ்கூபா கற்றுத்தருவதே எங்கள் தொழில். அந்தத் தடை சரியானது என்று முழு மனதோடு சொல்கிறோம். இரை மிக அடர்ந்த நேரத்தில் மாண்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சங்கிலி கோத்து நீந்தும். முதல் மாண்டா வளைந்து கடைசி மாண்டாவின் வாலை எட்டும்போது முழுக் கூட்டமும் ஒரு பெருஞ்சுழியாகச் சுற்றத் தொடங்கும். அந்தச் சுழிக்கு அடியில் பத்துப் பேர் மூச்சுவிட்டால் பத்துக் குமிழித் தூண்கள் நடுவில் எழும். கூட்டம் கலைந்துவிடும். அவ்வளவு சிறிய குடாவில் அவற்றுக்கு ஒதுங்க வேறு இடமும் இல்லை.

ஒரே நேரத்தில் ஐந்து படகு, எண்பது பேர், ஒரு குழுவுக்கு 45 நிமிடம், பத்துப் பேருக்கு ஓர் உரிமம் பெற்ற வழிகாட்டி என்பதுதான் குடாவில் கடைப்பிடிக்கப்பட்டு வந்த வரம்பு. காப்பகக் காவலர்கள் படகில் சுற்றி இதைக் கவனிக்கிறார்கள். நுழைவுக் கட்டணம் உண்டு, பொதுவாக இல்லத்தாரே கட்டிப் பயணத் தொகையில் சேர்த்துக்கொள்வார்கள். சேர்த்திருக்கிறார்களா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

45 நிமிடம் என்பது நீச்சல் தெரியாதவருக்கு நீண்ட நேரம். காலுக்குக் கீழே பத்து, பதினைந்து மீட்டர் ஆழம் இருக்கும், பிடித்து நிற்க ஒன்றும் இருக்காது. உயிர்காப்பு அங்கி போட்டுக்கொண்டால் போதும் என்று நினைப்பது பாதிதான் சரி. பருத்த அங்கி உடலை நிமிர்த்தி நிறுத்திவிடும். நிமிர்ந்து மிதப்பவரின் கால்கள் கீழே தொங்கி, அடியில் வரும் மாண்டாவின் முதுகில் ஃபின் (காலில் மாட்டும் துடுப்பு) உதைபடும். பயணத்துக்கு ஒரு மாதம் முன்பாவது நீச்சல்குளத்துக்குப் போய், முகம் நீருக்குள் இருக்கக் குப்புற மிதக்கவும், நிறுத்தாமல் இருநூறு மீட்டர் நீந்தவும், குழாய்க்குள் புகுந்த நீரை ஊதி வெளியேற்றவும் பழகிக்கொள்ளுங்கள். இவை வந்துவிட்டால் மெல்லிய மிதவை அங்கியே போதும். வராதவர்கள் படகிலேயே இருப்பது நல்லது. பதற்றத்தில் ஒருவர் கைகால் அடித்தால் அந்த 45 நிமிடமும் மொத்தக் குழுவுக்கும் வீணாகும்.

முகக்கண்ணாடி விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். வாடகைக் கண்ணாடி ஒழுகினால் மாண்டாவைப் பார்ப்பதற்குப் பதிலாகக் கண்ணாடியைத்தான் கழற்றி மாட்டிக்கொண்டிருப்பீர்கள். வாங்கும்போது பட்டையை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் லேசாக உறிஞ்சுங்கள். கையை எடுத்த பிறகும் விழாமல் ஒட்டிக்கொண்டிருந்தால் அது உங்கள் முகத்துக்குப் பொருந்தும். மீசை வைத்திருப்பவர்களுக்கு மேலுதட்டருகே ஒழுகும், மூக்குக்கு அடியில் ஒரு நூலளவு மழித்துக்கொண்டால் நின்றுவிடும். பட்டையை இறுக்குவது தீர்வல்ல, இறுக்கினால் விளிம்பு மடிந்து இன்னும் ஒழுகும். புதுக் கண்ணாடியின் உட்புறத்தில் தயாரிப்பின்போது படிந்த மெழுக்கு இருக்கும். வெள்ளைப் பற்பசை தடவித் தேய்த்து இரண்டு மூன்று முறை கழுவாவிட்டால் தண்ணீரில் இறங்கிய ஐந்தாவது நிமிடமே பனி மூடிவிடும். வெயிலுக்குக் களிம்பு பூசுவதைவிட முழுக்கை நீச்சல் சட்டை போடுவது மேல். களிம்பு கரைந்து, மாண்டாக்கள் வாய் திறந்து வடிகட்டும் அதே மேல்நீரில்தான் கலக்கிறது.

குடாவில் நீர் கலங்கலாக இருந்தால் மனம் தளராதீர்கள். இரை நிறைந்த நீர் பால் கலந்தது போல இருக்கும், சில மீட்டருக்கு மேல் தெரியாது. தெளிவாக இருந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

இறங்கும்போது குதிக்கக் கூடாது. படகின் ஓரத்தில் உட்கார்ந்து சறுக்கி இறங்குங்கள், மாண்டாவிலிருந்து பத்து மீட்டராவது தள்ளி. பிறகு கைகளை உடலோடு ஒட்டி வைத்து, ஃபின் நீருக்கு மேலே வராமல் இடுப்பிலிருந்து மெதுவாக உதையுங்கள். மேற்பரப்பில் எழும் தளும்பலும் சத்தமும் மேலே இரை எடுக்கும் மாண்டாவைத் திருப்பிவிடும். மூன்று மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்பது அங்கே எல்லா வழிகாட்டியும் சொல்லும் விதி. அது உங்களை நோக்கி நேராக வந்தால் என்ன செய்வது? ஒன்றும் செய்யாதீர்கள், அசையாமல் மிதந்தால் போதும். கடைசி நொடியில் அதுவே வளைந்து கீழாகவோ பக்கமாகவோ போய்விடும். பார்வை நன்றாக உள்ள மீன் அது. மீன்களில் உடல் எடைக்கு மிகப் பெரிய மூளை கொண்டவற்றில் ஒன்று. கெட்டது நடப்பது, மனிதர் பதறி விலக முயன்று அதன் பாதையிலேயே நீந்தும்போதுதான். துரத்துவதும் பயனற்றது. ஒரு சிறகடிப்பில் அது கடக்கும் தூரத்தை நீங்கள் பத்து உதையில்கூடக் கடக்க முடியாது, அதன் பிறகு அது அந்தப் பக்கம் திரும்பியும் வராது. சங்கிலியாக வரும்போது முன்னால் வரும் மாண்டாவை மறித்தால் பின்னால் வரும் எல்லாமே சிதறும். மூச்சடக்கிக் கீழே முங்கிப் படம் எடுக்கிறவர்கள் இதைத்தான் அதிகம் செய்கிறார்கள்.

திருக்கை என்றதும் நம் கடற்கரை ஊர்க்காரர்களுக்கு வால் முள் நினைவுக்கு வரும், அந்தப் பயம் நியாயமானது. ஆனால் மாண்டாவுக்குக் கொட்டும் முள் இல்லை. ஹனிஃபாருவுக்கு வருவது பவளப்பாரை ஒட்டி வாழும் 'பார் மாண்டா', இறக்கை விரிப்பு பெரும்பாலும் மூன்று முதல் மூன்றரை மீட்டர். ஏழு மீட்டர் வரை வளரும் பெருமாண்டா வேறு இனம். 2009இல்தான் இவை இரண்டும் தனித்தனி இனங்கள் என்று அறிவியல் பிரித்தது. பெருமாண்டாவைப் பார்க்க விரும்புகிறவர்கள் மாலத்தீவின் தெற்கே ஃபுவாமுலா தீவுக்கு மார்ச், ஏப்ரலில் போக வேண்டும். அங்கே ஸ்கூபா தெரிந்திருக்க வேண்டும்.

பா அட்டோலிலும் ஸ்கூபாவுக்கு இடம் இருக்கிறது, ஹனிஃபாருவுக்கு வெளியே. தாரவந்தூ திலா, நெலிவரு திலா, தொன்ஃபனு திலா ஆகியவை நீருக்குள் மூழ்கிய பாறை மேடுகள். குடாவில் இரை இல்லாத நாளில், அதே பருவத்தில், மாண்டாக்கள் இத்தகைய திலாக்களின் மேல் வந்து மிதந்து நிற்கும். சின்னஞ்சிறு துப்புரவு மீன்கள் அவற்றின் செவுளிலும் வாயிலும் புகுந்து ஒட்டுண்ணிகளைத் தின்னும். இங்கே துப்புரவு நடக்கும் பாறைக்கு நேர் மேலே நீந்தக் கூடாது. ஓரமாக, தாழ்வாக, பவளத்தைத் தொடாமல் காத்திருந்தால் அது திரும்பத் திரும்ப வட்டமிட்டு வரும். மேலே போனால் குமிழி பட்டு விலகிவிடும், துப்புரவு மீன்களும் ஒளிந்துகொள்ளும். இன்னொன்றும் மறக்கக் கூடாது. ஒரே நாளில் பல முறையோ, தொடர்ந்து பல நாளோ ஸ்கூபா செய்தவர் அடுத்த விமானத்துக்கு முன் குறைந்தது 18 மணி நேரம் இடைவெளி விட வேண்டும். தாரவந்தூவிலிருந்து மாலேக்குப் போகும் சிறு விமானமும் விமானம்தான். சென்னை விமானத்தை மட்டும் கணக்கிட்டு, காலையில் திலாவில் இறங்கிவிட்டு மாலையில் உள்நாட்டு விமானம் ஏறுவது ஆபத்து. ஸ்நோர்க்லிங்குக்கு இந்தத் தடை இல்லை.

டிசம்பர், ஜனவரியில்தான் விடுப்பு கிடைக்கும் என்பவர்கள் மாண்டாவை மறந்துவிட வேண்டியதில்லை, இடத்தை மாற்றினால் போதும். வடகிழக்குப் பருவக்காற்றில் நீரோட்டம் எதிர்ப்பக்கம் திரும்புகிறது. இரையும் அதன் பின்னால் மாண்டாவும் அட்டோல்களின் மேற்குப் பக்கத்துக்கு நகர்ந்துவிடும். தென் அரி அட்டோலின் மேற்கில் ரங்காலிக்கு அருகே உள்ள மடிவரு டிசம்பர் முதல் ஏப்ரல் வரை பெயர் பெற்ற இடம். வட மாலே அட்டோலின் கிழக்கில் லங்கன்ஃபினோளு அருகே உள்ள துப்புரவுப் பாறைக்கோ மே முதல் நவம்பர் வரைதான் பருவம். தென்மேற்குக் காற்றில் கிழக்கு விளிம்பு, வடகிழக்குக் காற்றில் மேற்கு விளிம்பு. தெற்குக் கோடி அட்டோல்களைத் தவிர மாலத்தீவின் பெரும்பகுதிக்கு இந்தக் கணக்கு சரியாக வரும். முகவர் எந்த இடத்தின் பெயரைச் சொன்னாலும் வரைபடத்தில் அது அட்டோலின் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்தாலே பாதி உண்மை தெரிந்துவிடும்.

படம் எடுப்பதானால் ஃபிளாஷ் வேண்டாம். விலங்குக்குத் தொந்தரவு என்பதோடு, கலங்கிய நீரில் ஒளி பட்டு ஒவ்வொரு நுண்ணுயிரும் வெள்ளைப் புள்ளியாகப் படத்தைக் கெடுக்கும். அகலக் கோணத்தில் வைத்து, மாண்டா தலைகீழாகக் குட்டிக்கரணம் போடும்போது வயிற்றுப் பக்கத்தை எடுங்கள். செவுள்களுக்கு இடையிலும் அதற்குக் கீழும் உள்ள கரும்புள்ளிகள் ஒவ்வொரு மாண்டாவுக்கும் வேறு, ஆயுள் முழுவதும் மாறாதவை. இப்படிப்பட்ட படங்களை வைத்தே மாண்டா டிரஸ்ட் அமைப்பினர் 2005 முதல் மாலத்தீவில் நான்காயிரத்துக்கும் மேற்பட்ட பார் மாண்டாக்களைத் தனித்தனியே அடையாளம் கண்டிருக்கிறார்கள். சுற்றுலாப் பயணிகள் அனுப்பும் படங்களையும் ஏற்றுக்கொள்கிறார்கள். தேதியும் இடமும் சேர்த்து அனுப்ப வேண்டும். வால் அடியில் இரண்டு விரல் போன்ற உறுப்பு இருந்தால் ஆண். இறக்கை நுனியில், பெரும்பாலும் இடது நுனியில், தழும்பு இருந்தால் இணை சேர்ந்த பெண். பெண் மாண்டா ஏறக்குறைய ஓர் ஆண்டு சுமந்து ஒரே ஒரு குட்டிதான் ஈனும், அதுவும் பல ஆண்டுகளுக்கு ஒருமுறை. இத்தனை மெதுவாகப் பெருகும் விலங்கு இது. 2014இல் மாலத்தீவு எல்லாத் திருக்கை இனங்களையும் பிடிக்கத் தடை விதித்தது.

இறுதியாக, அந்தக் கட்டுரையோடு வெளியான படம் பற்றி. ஒருவர் மாண்டாவின் இறக்கையைப் பிடித்துக்கொண்டு போவது போல அது இருந்தது. மாண்டாவின் தோல் மேல் நோய்த்தொற்றைத் தடுக்கும் ஒரு வழவழப்புப் படலம் உண்டு. கை பட்ட இடத்தில் அது உரிந்துபோகும், தொடுவது ஹனிஃபாருவில் விதிமீறலும்கூட. படத்தைப் பார்த்துவிட்டு அதேபோல ஒன்று எடுக்க வேண்டும் என்று போகிற இளைஞர் காவலரிடம் மாட்டிக்கொண்டால் படகோடு திருப்பி அனுப்பப்படுவார், கூட வந்தவர்களின் பயணமும் கெடும். அச்சான இதழைத் திரும்பப் பெற முடியாது. இணையப் பதிப்பிலாவது அந்தப் படத்தை நீக்கி, "ஆண்டு முழுவதும்" என்ற சொற்களை "ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை, அமாவாசை பௌர்ணமியை ஒட்டி" என்று திருத்தும்படி கேட்டுக்கொள்கிறோம். இந்த ஆண்டுப் பருவத்துக்கு முன்பதிவு செய்ய நினைப்பவர்கள் அதைப் படித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஸ்கூபா பயிற்றுநர்கள் சிலர்,
தூத்துக்குடி